கரண்ட் போன வகுப்புக்கும் சேர்த்துப் படியுங்கள்: பி.எட். புதியவர்களுக்குக் கல்வித் தொழில்நுட்பம்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, ஒரத்தநாடு என்று டெல்டாவில் எங்கே பி.எட். சேர்ந்திருந்தாலும் கல்வித் தொழில்நுட்பம் உங்களை விடாது. பாடத்திட்டம் திருத்தப்படும்போது தாளின் பெயர் மாறலாம், எழுத்துத் தேர்விலிருந்து செய்முறைக்குப் போகலாம், திரும்பியும் வரலாம். விஷயம் ஒன்றுதான். நான் இந்தப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். கற்பித்தல் பயிற்சிக்கு வருகிறவர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலைகளில் ஒன்று. அந்த இடத்திலிருந்து தெரிந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். டிப்ளமோ ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்து வருகிறவர்கள் இந்தத் தாளை அலட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். தமிழும் வரலாறும் முடித்தவர்கள் பயப்படுகிறார்கள். இரண்டுக்கும் அவசியமில்லை. பிள்ளை பாடத்தில் எந்த இடத்தில் தடுக்கி நிற்கிறது, அதைத் தாண்ட எது உதவும், உதவியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த மூன்றையும் கேட்கப் பழகிவிட்டால் தாளில் பாதி முடிந்த மாதிரி. கருவியைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான்.

1. முதல் மாதம்: தமிழில் தட்டச்சு

மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள். பாடக்குறிப்பு, வினாத்தாள், ஸ்லைடு எல்லாவற்றுக்கும் இது வேண்டும். ஊரில் டி.டி.பி. கடைகளில் இன்னும் பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்துத் தருகிறார்கள். அச்செடுக்க அது போதும். அதே கோப்பைப் பள்ளிக் கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து கிடக்கும். வகுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிப்பது நல்லதல்ல. எனவே எல்லாமே யூனிகோடில், அதாவது எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகவே தெரியும் குறியீட்டு முறையில்.

விசைப்பலகைக்குத் தமிழ்99 என் சிபாரிசு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக 31 எழுத்துகள் விசைகளில் இருக்கும்; மற்றவை அவற்றின் சேர்க்கையில் வந்துவிடும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’ என்று அடித்துப் பாருங்கள், புரியும். ஏற்கெனவே ஆங்கில ஒலிப்பு முறையில் வேகமாக அடிப்பவர் என்றால் மாறாதீர்கள், அதற்காகச் சண்டை போட வேண்டாம்.

முடித்த கோப்பைப் பி.டி.எஃப். ஆகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

2. புத்தகத்தை எப்படிப் படிப்பது

கைடு புத்தகங்களில் பெயர்களும் ஆண்டுகளும் நிறைய வரும். மனப்பாடம் செய்யலாம்தான். ஆனால் ஒவ்வொரு பெயரும் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வந்தது என்று பார்த்தால் மறக்காது.

உளவியலாளர் ஸ்கின்னர் 1950-களில் கற்பிக்கும் இயந்திரம் செய்தார். பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கு, ஒவ்வொரு துண்டிலும் மாணவனைப் பதில் சொல்ல வை, சரியா தப்பா என்று உடனே தெரியப்படுத்து. இன்று செல்போனில் வருகிற வினாடி வினாச் செயலிகளில் பாதி இந்த யோசனைதான்.

எட்கார் டேலின் அனுபவக் கூம்பு (1946) இன்னும் கொஞ்சம் கவனம் கேட்கும். படிப்பதில் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்பதில் 20, செய்வதில் 90 என்று கூம்பின் பக்கத்தில் எண்கள் போட்டிருப்பார்கள். டேல் வரைந்த கூம்பில் அந்த எண்கள் கிடையாது. பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தவை. அவற்றுக்கு ஆய்வு அடிப்படையும் இல்லை. எண்கள் இப்படி முழுப் பத்துகளாகவே வரும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்! மேலே இருப்பது மட்டம், கீழே இருப்பது உசத்தி என்றும் டேல் சொல்லவில்லை. அருவமான சொல்லில் தொடங்கி நேரடி அனுபவம் வரை அனுபவங்களை வரிசைப்படுத்தினார், அவ்வளவுதான். தேர்வில் கூம்பை எண்கள் இல்லாமல் வரையுங்கள். வகுப்பில் இந்த எண்களை நம்பி ‘சொல்லிக்கொடுத்தால் நிற்காது, எல்லாமே செயல்பாடு’ என்று போகாதீர்கள். நன்றாகச் சொல்லப்பட்ட விளக்கத்துக்கு ஈடாக இன்னும் எதுவும் வந்துவிடவில்லை.

ரிச்சர்ட் கிளார்க் 1983-இல் ஒரு கட்டுரையில் இந்தத் துறையையே சீண்டினார். காய்கறி கொண்டுவரும் வண்டி எப்படி நம் உடம்பின் சத்தைக் கூட்டாதோ, அப்படியே ஊடகமும் தன்னளவில் கற்றலைக் கூட்டாது என்பது அவர் வாதம். கற்பிக்கும் முறைதான் வேலை செய்கிறது என்றார். இதற்கு மறுப்புகளும் வந்தன. படிக்கும்போது இரண்டு பக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மிஸ்ராவும் கோலரும் 2006-இல் வைத்த டீபேக் (TPACK) சட்டகத்தில் மூன்று வட்டங்கள்: பாடப்பொருள், கற்பிக்கும் முறை, தொழில்நுட்பம். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடத்தில்தான் ஆசிரியரின் அறிவு இருக்கிறது என்கிறார்கள். படத்தைப் புத்தகத்திலிருந்து காப்பி அடிக்காமல், உங்கள் பாடத்தின் ஓர் அலகை எடுத்து மூன்று வட்டத்திலும் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத வட்டம் எதுவோ அதில்தான் உங்களுக்கு வேலை பாக்கி இருக்கிறது.

இந்திய வரலாற்றில் ஒன்றைத் தவறவிடாதீர்கள். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் போயின. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. 2004-இல் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2019-இல் நம்முடைய கல்வித் தொலைக்காட்சி வந்தது. மூன்றையும் படிக்கும்போது ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: பெட்டி ஊருக்கு வந்த பிறகு அதன் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசியது யார்?

3. மைக்ரோ டீச்சிங்

ஒரே ஒரு கற்பித்தல் திறனை எடுத்து, சக மாணவர்கள் சிலருக்கு முன்னால் சில நிமிடம் நடத்திப் பழகுவதுதான் மைக்ரோ டீச்சிங். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1963 வாக்கில் டுவைட் ஆலன் குழு இதைத் தொடங்கியது. நம் கல்லூரிகளில் நடப்பது என்.சி.இ.ஆர்.டி. வகுத்த 36 நிமிடச் சுற்று: கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறுதிட்டம் 12, மறுகற்பித்தல் 6, மறுபின்னூட்டம் 6. அதிகமான நேரம் மறுதிட்டத்துக்குத்தான். நடைமுறையில் முதலில் காலியாவதும் அதுதான். தோழிகள் ‘சூப்பரா இருந்துச்சுப்பா’ என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

உங்கள் ஆறு நிமிடத்தைச் செல்போனில் படம் பிடியுங்கள். முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். முதுகு எவ்வளவு நேரம் வகுப்பைப் பார்த்தது, கண் ஒரே மூலைக்குப் போகிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டாம் தடவை போனைக் கவிழ்த்துவைத்துக் கேளுங்கள். கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடியில் நீங்களே பதில் சொல்லிவிடுகிறீர்கள், ‘சரியா? புரியுதா?’ எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். இந்தத் தாளில் உங்கள் செல்போனுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை கிடையாது.

4. பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்

இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் இருப்பீர்கள். அதற்கு முன் ஒரு நாள் போய், தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, சில விஷயங்களைப் பார்த்து வையுங்கள். ஹைடெக் லேப் சாவி யாரிடம் இருக்கும், எந்த நாள்களில் இணையவழித் தேர்வுக்கும் மற்ற வேலைக்கும் அறை போய்விடும்? உங்களுக்குத் தரப்போகிற வகுப்பில் பிளக் பாயின்ட் வேலை செய்கிறதா? ப்ரொஜெக்டருக்கும் உங்கள் லேப்டாப்புக்கும் ஒரே வகைக் கேபிள்தானா? மதியம் எந்த ஜன்னல் வழியாக வெயில் சுவரில் விழுகிறது? மதியப் பீரியடில் ப்ரொஜெக்டர் போட்டுப் பார்த்தவர்களுக்குக் கடைசிக் கேள்வியின் அருமை தெரியும்.

ஊரின் பருவத்தையும் பாருங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை நடவு, அப்புறம் சம்பா, தாளடி. நடவிலும் அறுவடையிலும் வீட்டில் இருக்கிற ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு வயலுக்குப் போய்விடும். ‘வீட்டில் இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு வாங்க’ என்று சொல்வதற்கு முன்னால் யார் வீட்டில் சாயங்காலம் போன் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடுமுறையும் மின்வெட்டும் சேர்ந்து வரும். 2018 நவம்பர் 16-இல் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அது தீவிரமான உதாரணம்தான். சாதாரண அடைமழை நாளிலேயே மூன்றாம் பீரியடில் மின்விசிறி நின்றுவிடும்.

5. ஒரு பாடத்தைத் தயாரிப்பது

பயிற்சி ஆசிரியர்கள் பெரும்பாலும் வீடியோவைத் தேடி எடுத்துவிட்டுத்தான் பாடக்குறிப்பு எழுத உட்காருகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் ஆற்றின் செயல்பாடுகள் வருகின்றன. அரித்தல், கடத்தல், படியவைத்தல், கடைசியில் டெல்டா. நாம் இருப்பதே டெல்டாவில், ஆகவே இது எளிது என்று நினைப்பீர்கள். இல்லை. நம் பிள்ளைக்கு ஆறு என்றால் ஷட்டர், வாய்க்கால், முறை வைத்து வரும் தண்ணீர். கல்லணைப் பக்கத்துப் பிள்ளை பார்க்கிற ஆறும் கடைமடைப் பிள்ளை பார்க்கிற ஆறும் வேறு வேறு. அரிசலாறு, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு என்று தங்கள் ஊர் ஆறு தெரியும். அவையெல்லாம் ஒரே காவிரியின் கிளைகள் என்பது பல பேருக்குக் கண்ணில் படாத செய்தி. தடுக்குகிற இடம் அங்கேதான். பாடக்குறிப்பின் முதல் வரியில் அதை எழுதுங்கள்: ‘நம் ஊர் ஆறு மொத்த விசிறியில் எந்த இழை என்று மாணவருக்குத் தெரியவில்லை.’

இப்போது கருவி தானாகவே வந்து நிற்கும். விசிறி வடிவத்தைத் தரையில் நின்று பார்க்க முடியாது, மேலிருந்து பார்க்க வேண்டும். கூகுள் எர்த்தில் முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதிலிருந்து தொடங்கிக் கல்லணைக்கு வாருங்கள். அங்கே தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கிடப்படுகிறது. வெள்ள நீர் கொள்ளிடத்துக்குப் போகிறது. அங்கிருந்து பூம்புகார் வரை மெதுவாக நகர்த்துங்கள். நடுவில் நிறுத்தி, ‘நம்ம ஊர் எங்கே?’ என்று கேளுங்கள். பிள்ளைகள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து கோயில் குளத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பார்கள். 1984 முதலான படங்களை ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸும் அதில் இருக்கிறது. கடற்கரை ஓரத்தில் என்ன மாறியது என்று அவர்களையே சொல்ல விடுங்கள்.

இதற்கு வீடியோ வேண்டாம் என்பதைக் கவனியுங்கள். பின்னணி இசையோடு ஓடும் ஐந்து நிமிட வீடியோவில் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கத் தயங்குவீர்கள். படத்தில் அந்தத் தயக்கம் இருக்காது.

படிவு எப்படி நடக்கிறது என்பதற்குத் திரையே தேவையில்லை. வாய்க்கால் வண்டலைக் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி மேசையில் வைத்துவிட்டால், பீரியட் முடிவதற்குள் மணல் அடியிலும் நுண்ணிய மண் அதற்கு மேலும் தங்கத் தொடங்கும். தண்ணீர் வேகம் குறைந்தால் சுமை இறங்கும் என்பதை அந்த பாட்டில் சொல்லும். பாட்டிலும் கல்வித் தொழில்நுட்பம்தான். மதிப்பெண் போடுகிறவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் துணைக்கருவி என்ற தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம்.

அடுத்து, பாடக்குறிப்பில் ஓரமாக ஒரு கட்டம் போட்டு ‘கரண்ட் இல்லாவிட்டால்’ என்று தலைப்பு கொடுங்கள். மேலே சொன்ன பாடத்துக்கு அந்தக் கட்டத்தில் என்ன வரும்? செயற்கைக்கோள் படத்தின் ஏ3 அச்சுப் பிரதி, கரும்பலகையில் சாக்பீஸால் விசிறி வரைபடம், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கிளையாற்றின் பெயர். இந்தக் கட்டத்தை நிரப்ப முடியவில்லை என்றால் நீங்கள் தயாரித்திருப்பது பாடமல்ல, ஒரு திரையிடல். என்னிடம் வருகிறவர்களின் குறிப்பேட்டில் நான் முதலில் புரட்டுவது இந்தக் கட்டத்தைத்தான்.

கணக்கு எடுப்பவர்களுக்கு ஒன்று. பரப்பளவுப் பாடத்தில் நீளம் பெருக்கல் அகலம் எல்லோருக்கும் தெரியும். வயல் செவ்வகமாக இல்லாதபோதுதான் முழிப்பார்கள். ஒரு வயலின் மேலிருந்து எடுத்த படத்தை ஜியோஜிப்ரா என்ற கணிதச் செயலியில் போட்டு முக்கோணங்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். வந்த விடையைக் குழியிலும் மாவிலும் சொல்ல வையுங்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. தாத்தாவிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு வருவார்கள்.

6. எங்கே எடுப்பது

2018-இல் தொடங்கிய புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு உண்டு. தீக்‌ஷா செயலியில் திறக்கும், முன்கூட்டியே இறக்கியும் வைக்கலாம். மணற்கேணி செயலி 2023-இல் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை மாநிலப் பாடத்திட்டத்துக்குத் தமிழில் வீடியோக்கள். அறிவியலுக்கு பெட் (PhET) பாவனைகள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்; பலவற்றுக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே இறக்கி இணையம் இல்லாமல் ஓட்டலாம். பழைய தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். பள்ளியில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பென் டிரைவில் ஒன்று, போனில் ஒன்று.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் பாடக்குறிப்பு கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். வருவது அழகாகத்தான் இருக்கும், எந்த ஊர் வகுப்புக்கும் பொருந்தும். அதனால்தான் நம் ஊர் வகுப்புக்குப் பொருந்தாது. கொள்குறி வினாக்கள் நிறைய வேண்டும் என்றால் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு விடையையும் பாடநூலோடு ஒப்பிட்ட பிறகு பயன்படுத்துங்கள். ஆண்டுகளிலும் தமிழ்ப் பெயர்களிலும் தடுமாறுகிறது.

7. வகுப்பில்

ஸ்லைடில் பத்தி பத்தியாக எழுதி அதையே வாசிக்காதீர்கள். கண்ணும் காதும் ஒரே சொற்களைச் சுமக்கும்போது கற்றல் குறைகிறது என்று ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் காட்டுகின்றன. படத்தைக் காட்டுங்கள், விளக்கத்தை வாயால் சொல்லுங்கள். எழுத்தின் அளவைச் சரிபார்க்க முதல் நாளே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

புரிந்ததா என்று தெரிந்துகொள்ள ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டுப் பயனில்லை. ‘புரிஞ்சுது மிஸ்’ என்று கோரஸ் வரும். பிளிக்கர்ஸ் அட்டைகளை அச்செடுத்துக் கொடுத்துப் பாருங்கள். நான்கு பக்கத்தில் விடையாக எதைத் தேர்ந்தார்களோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிள்ளைகள் பிடிப்பார்கள்; நீங்கள் அதன் செயலியைத் திறந்து ஒரே போனின் கேமராவை வகுப்பைச் சுற்றிக் காட்டினால் யார் என்ன விடை என்று வந்துவிடும். பிள்ளைகளுக்குப் போன் வேண்டாம், உங்களுக்கு மட்டும் இணையம் வேண்டும். அதுவும் இல்லாத நாளில் கடைசி ஐந்து நிமிடம் அரைத்தாள் கொடுத்து ஒரே கேள்விக்கு எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். நான் பெரும்பாலும் அரைத்தாள் கட்சி. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே புரட்டிவிடலாம்.

பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே போடாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைக் குழந்தைகள் என்றே கணக்கில் எடுத்து, அவர்கள் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் கேட்கிறது. கல்லூரிக்கு ஆதாரம் வேண்டும் என்றால் கேமராவை வகுப்பின் பின்னால் வைத்து உங்களை மட்டும் பிடியுங்கள். தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு.

8. ரெக்கார்டும் பிரதிபலிப்பும்

ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் பிரதிபலிப்புக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். ‘மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் கவனித்தனர். கற்றல் விளைவு எட்டப்பட்டது.’ இந்த இரண்டு வரியை எத்தனை ரெக்கார்டில் படித்திருப்பேன்! ப்ரொஜெக்டர் போட்டால் ஆர்வமாகப் பார்க்கத்தான் செய்வார்கள். மின்விசிறியில் ஓணான் ஏறினாலும் பார்ப்பார்கள். ஆர்வத்தை எழுதாதீர்கள், விடைகளை எழுதுங்கள்.

கீழே இருக்கிற மாதிரி ஒன்றை எழுதிப் பழகுங்கள்: ‘டெல்டா ஏன் கடலோரத்தில் உருவாகிறது என்று கேட்டேன். பாதிப் பேருக்கு மேல் “கடல் மண்ணைத் தள்ளுகிறது” என்று எழுதியிருந்தார்கள். திரையில் கடற்கரையைக் காட்டியபோது ஆற்றின் வேகம் குறைவதைப் பற்றி நான் பேசவில்லை. அடுத்த வகுப்பில் பாட்டில் சோதனையை முதலில் வைத்து, படத்தைப் பிறகு காட்டுவேன்.’ இதில் கேள்வி இருக்கிறது, தவறான விடை இருக்கிறது, அதற்குக் காரணமான கணம் இருக்கிறது, அடுத்து செய்யப்போவதும் இருக்கிறது. அதோடு இரண்டு அரைத்தாள்களைப் பின் போட்டு வையுங்கள். வைவாவில் யாராவது ‘தொழில்நுட்பத்தால் என்ன பயன்?’ என்று பொதுவாகக் கேட்டால் அந்தத் தாள்களைத் திறந்து அதிலிருந்தே பேசலாம்.

9. பள்ளியை விட்டுக் கிளம்பும்போது

நீங்கள் செய்த படம், வினா, அச்சுப் பிரதி எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, கோப்புப் பெயரில் வகுப்பும் பாடமும் அலகும் எழுதி, பாட ஆசிரியரின் கணினியில் ஏற்றிவிட்டு வாருங்கள். ‘ஃபைனல் நியூ 2’ என்ற பெயரில் ஒன்றும் வேண்டாம். அடுத்த வருடம் அதே வகுப்பை அவர்தான் எடுக்கப்போகிறார், உங்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். லேப் பதிவேட்டில் எடுத்த பொருளுக்கெல்லாம் திருப்பிக் கொடுத்ததாகக் கையெழுத்து விழுந்ததா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேபிள் விஷயத்தில் குறிப்பாக.